சாட்சிக்கு வந்த புத்தகங்கள்

யாழ்ப்பாணத்தில் திருமணமான ஒரு பெண் தன் தாலிக்கொடியை விற்க யாரையும் கேட்கத் தேவையில்லை. தன் காணி தனக்குப் பிறகு யாருக்கு என்று மரணசாசனம் எழுதவும் யாரையும் கேட்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போது அந்தக் காணியை விற்கவோ மகளுக்கு உறுதி முடிக்கவோ போனால் மட்டும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காணி தாய்வழி வந்த சீதனமாக இருந்தாலும், கணவனின் காசு ஒரு சதமும் அதில் சேராவிட்டாலும் இதுதான் சட்டம். கணவன் தன் முதுசக் காணியை விற்கும்போது மனைவியின் சம்மதம் தேவைப்படுவதில்லை.

கணவன் எங்கே என்று தெரியாதவள் என்ன செய்வாள்? அவளுக்கு 8ஆம் பிரிவு இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், இரண்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தால், இருப்பிடம் தெரியாமல் இருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தின் இடத்தில் தன் அனுமதியை வைக்கலாம். சாதாரண காலத்தில் ஒன்றிரண்டு தவணையில் முடிகிற மனு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்துப் பெண்களுக்கு அது சாதாரண மனுவாக இருக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்த பிறகு, வெளியூர்களில் இருந்தவர்கள் பழைய உறுதிகளோடு யாழ்ப்பாணம் திரும்பத் தொடங்கினார்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை என்று போனால் கூரை இல்லாத வீடுகளும், தலை இல்லாத பனைகளும், எல்லை தெரியாத வளவுகளும்தான். காணி வழக்குகள் குவிந்தன. அடுத்த வருடம் சட்டத்தரணியான என்னிடம் வந்தவர் வேலணைப் பெண். அவரும் அவருடைய குடும்பமும் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே பெயரும் வட்டாரமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவர் கையில் இருந்தது 1982இல் தாயார் எழுதிய சீதன உறுதி. கிணற்றோடும் பனைகளோடும் ஆறு பரப்புக் காணி. 1991 ஒக்டோபரில் தீவகத்தை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நடந்து போனபோதும், அங்கிருந்து வன்னிக்கும் பிறகு கொழும்புக்கும் போனபோதும் அந்த உறுதியை அங்கர் பால்மாப் பையொன்றில் சுற்றிச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பையின் வெள்ளித் தாள் மடிப்புகளில் தேய்ந்து கறுத்திருந்தது. உறுதியில் ஒரு எழுத்தும் கெடவில்லை. மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காணியை மகள் பெயரில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். கணவர் 1990 ஓகஸ்டில், படையினர் தீவகத்தில் இறங்கிய நாட்களில் நடந்த சுற்றிவளைப்பில் கொண்டு போகப்பட்டவர். அதன் பிறகு தகவல் இல்லை.

அவருக்கு முன்னால் இரண்டு குறுக்கு வழிகள் இருந்தன. உறவினர்கள் இரண்டையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒன்று, மரணச் சான்றிதழ். காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிவதற்கு 1998ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வழி செய்திருந்தது. கணவர் இறந்தார் என்று பதிந்துவிட்டால் 6ஆம் பிரிவே எழாது, சம்மதம் கேட்க ஆள் இல்லை. மற்றது, தான் இனி கொழும்புக்காரி என்று சொல்வது. 6ஆம் பிரிவு தேசவழமைச் சட்டத்தைச் சேர்ந்தது. தேசவழமை தமிழர் என்ற இனத்தைப் போகுமிடமெல்லாம் பின்தொடரும் சட்டமல்ல. வட மாகாணத்தில் நிலையாகக் குடியிருப்பவர்களுக்குரிய சட்டம். 1913இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கிலிருந்தே இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் இருந்து வருகிறது. வெள்ளவத்தையில் சில வருடங்கள் இருந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தோடு தொடர்பு அற்றுவிட்டது என்று சத்தியக்கடதாசி முடித்தால் தேசவழமையிலிருந்து கழன்றுகொள்ளப் பார்க்கலாம். கொழும்பில் வேலைக்கு இருந்தாலும் நிரந்தர வீடு யாழ்ப்பாணம் என்றால் தேசவழமை விடாது என்று 1988இல் சிவஞானலிங்கம் எதிர் சுந்தரலிங்கம் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததால் அது உறுதியான வழியல்ல. ஆனாலும் முயன்று பார்க்கிறவர்கள் இருந்தார்கள்.

இரண்டுக்கும் அவர் மறுத்தார். “செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன், ஐயா. கண்டனானே? கொழும்பாள் எண்டும் எழுதமாட்டன். நான் வேலணையாள். அந்த வளவு அம்மா எனக்குத் தந்தது, நான் வேலணையாள் எண்டதாலதானே.”

ஆகவே 8ஆம் பிரிவு மனு. கணவரின் இருப்பிடம் தெரியாது, மகளின் நன்மை கருதி அனுமதி தரவேண்டும். ஊர்காவற்றுறை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம்.

அறிவித்தல் போனதும் கணவரின் தம்பியார் எதிராளியாக வந்தார். பக்கத்து வளவு அவருடையது. மனுதாரர் குடும்பம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவர்தான் இரண்டு வளவையும் பராமரித்திருந்தார், பனை பாட்டத்துக்குக் கொடுத்திருந்தார். அவருடைய நிலைப்பாடு இதுதான்: அண்ணன் காணாமற்போகவில்லை. 1990 யூலை நடுப்பகுதியில், படையினர் வருவதற்கு முன்பே, வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், அங்கிருந்து ஐரோப்பா போய்விட்டார். அவருடைய சம்மதத்தை அவரிடமே கேட்க வேண்டும். விலாசம் கேட்டால், தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

இப்படியொரு எதிர்வாதம் கேட்பவருக்குப் பலவீனமாகத் தெரியலாம். ஆனால் தீவகத்தில் அது பலமானது. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் உண்மையாகவே ஏராளமானோர் கடல் கடந்து போனார்கள். போனவர்களில் பத்து வருடம் கடிதம் போடாதவர்களும் உண்டு. சொந்தத் தம்பி கூண்டில் நின்று அண்ணன் போனதைக் கண்டேன் என்று சொன்னால், இருப்பிடம் தெரியாது என்ற எங்கள் கூற்று ஆட்டம் காணும். மனுதாரர் நீதிமன்றத்துக்கு உண்மையை மறைத்தார் என்றாகிவிடும். அனுமதி மறுக்க அது போதும்.

எங்களிடம் என்ன இருந்தது? அவருடைய வாய்மொழி. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. 1994இல் அமைக்கப்பட்ட பாலகிட்ணர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. கடிதங்களெல்லாம் அவர் சொன்னதை அவரே எழுதியவை. கண்ட சாட்சி என்று சொல்லக்கூடியவர்கள் அதே சுற்றிவளைப்பில் போனவர்கள், அல்லது கனடாவில் இருப்பவர்கள். அவருக்குத் திகதியும் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது வேறொரு கணக்கு: “இவர் தகப்பனுக்கு அமாவாசை விரதம் பிடிச்சார். அதுக்கு அடுத்த நாளும் இருந்தவர், அதுக்கு அடுத்த நாளும் இருந்தவர். அதுக்கு அடுத்த நாள் காலமைதான்…”

இந்த இடத்தில்தான் புத்தகங்கள் வழக்குக்குள் வந்தன.

எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. அதன் 57ஆம் பிரிவு, நிரூபிக்கத் தேவையில்லாமல் நீதிமன்றமே கவனத்தில் எடுக்கும் விடயங்களைப் பட்டியலிடுகிறது. பட்டியலின் முடிவில், பொது வரலாறு, இலக்கியம், விஞ்ஞானம், கலை ஆகியவற்றைப் பொறுத்தும் நீதிமன்றம் தகுந்த நூல்களின் உதவியை நாடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. 87ஆம் பிரிவு, அப்படி நாடும் நூல் அட்டையில் சொல்லப்பட்டவரால், சொல்லப்பட்ட காலத்தில், சொல்லப்பட்ட இடத்தில் எழுதி வெளியிடப்பட்டது என்று அனுமானிக்க இடம் தருகிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் சட்டக் கல்லூரியில் படிக்கும்போது ஒருவரும் அதிகம் மினக்கெடுவதில்லை. ஒரு நாட்டில் கண்ட சாட்சிகளே இல்லாமற்போகும்போது அந்த ஒரு வரி எவ்வளவு பெரிதாகிறது என்பதை நான் அந்த வழக்கில்தான் விளங்கிக்கொண்டேன்.

நூல் தேடுவது சுலபமாக இருக்கவில்லை. 1981இல் எரித்த யாழ்ப்பாணப் பொது நூலகம் அப்போதுதான் மீள எழுந்துகொண்டிருந்தது. எரிந்த 97,000 நூல்களில் எத்தனை ஊர் வரலாறுகள், எத்தனை ஓலைச்சுவடிகள் இருந்தன என்று நினைத்தால் இன்றும் மனம் பதைக்கும். வீடுகளில் இருந்த அரசியல் நூல்களைச் சனமே எரித்தது, கிணற்றில் போட்டது. சோதனைச் சாவடியில் ஒரு பக்கத்தாருக்கும், வீட்டு வாசலில் மற்றப் பக்கத்தாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் வெளியிட்ட மலர்கள் எனக்குக் கிடைத்தன. நல்ல தாள், நிறப் படங்கள், கண்ணீரோடு எழுதிய கட்டுரைகள். அந்த ஓகஸ்டைப் பற்றியும் இருந்தது. “அந்தக் கொடிய நாளில்” என்று தொடங்கி இரண்டு பக்கம். எந்த நாள் என்று எங்கும் இல்லை. யார் சொன்னது, எந்த ஒழுங்கை, எத்தனை மணி, ஒன்றும் இல்லை. எழுதியவரின் வேதனை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீதிபதிக்கு முன் வைக்க அதில் ஒரு வரி கிடைக்கவில்லை.

ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் வேறொன்று தந்தார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதிய அறிக்கைகளின் போட்டோப் பிரதி. மேலே பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டு, முதுகில் ‘செபமாலை விளக்கம்’ என்று எழுதியிருந்தார்.

இந்த அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம நால்வரும் எழுதிய ‘முறிந்த பனை’ எங்கள் காலத்தின் மிக முக்கியமான அரசியல் நூல் என்பது என் கருத்து. இந்தியப் படைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பட்டதை வீடு வீடாகப் போய்க் கேட்டு ராஜினி எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அச்சாகி வந்ததை அவர் காணவில்லை. மற்றவர்கள் ஊரை விட்டு மறைந்திருந்து தொடர்ந்து எழுதினார்கள். அரசையும் எழுதினார்கள், இந்தியப் படையையும் எழுதினார்கள், இயக்கங்களையும் எழுதினார்கள். அதனால் எல்லாத் தரப்புக்கும் எதிரியானார்கள். அவர்களுடைய எல்லா முடிவுகளோடும் நான் உடன்படுகிறேன் என்றில்லை. ஆனால் அவர்கள் ஒரு காரியத்தை விடாமல் செய்தார்கள்: நாள் போட்டார்கள், ஊர் போட்டார்கள், எந்த வழியால் யார் போனார்கள் என்று போட்டார்கள்.

படையினர் தீவகத்தில் இறங்கியது 1990 ஓகஸ்டின் பிற்பகுதி. முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணக் கோட்டைக்கு வழி திறப்பதற்காக வந்தார்கள். கயிட்ஸ் என்றும் சொல்லும் ஊர்காவற்றுறையிலிருந்து மண்டைதீவு வரை வந்து, அங்கிருந்து செப்டெம்பர் நடுப்பகுதியில் கடலேரி கடந்து கோட்டைக்குள் போனார்கள். அந்த மாத முடிவில் கோட்டையையே விட்டுவிட்டார்கள். இந்த வரிசை எனக்கு வேண்டும். இது ஒரு தனி மனிதனைப் பற்றிய செய்தி அல்ல, பொது வரலாறு. 57ஆம் பிரிவுக்குள் வரும்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அனுபவசாலி. நூலைக் கண்டதும் எழுந்தார். எழுதியவரைக் கூண்டில் ஏற்ற முடியுமா, குறுக்கு விசாரணை செய்ய முடியுமா என்று கேட்டார். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்கவேண்டும் என்ற 60ஆம் பிரிவைக் காட்டினார். பிறகு குமுதினிப் படகை எடுத்தார். அதுதான் அவருடைய கூர்மையான வாதம்.

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவு மாவலித்துறையிலிருந்து புங்குடுதீவு குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தீவகத்தில் அதை அறியாத வீடு இல்லை. மாவலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது. அந்தப் படகு திருத்தப்பட்டு அதற்குப் பிறகும் பல வருடங்கள் அதே கடலில் ஓடியது, இறந்தவர்களின் சொந்தக்காரர் அதில் ஏறித்தான் யாழ்ப்பாணம் வந்து போனார்கள். ஆனால் இறந்தோர் தொகை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. எதிர்த்தரப்பு இரண்டு பிரசுரங்களைப் பக்கத்துப் பக்கம் வைத்து இரண்டு எண்களையும் வாசித்தது. ஊரறிந்த ஒரு சம்பவத்திலேயே உங்கள் நூல்களுக்கு ஒத்த கணக்கில்லை, இவற்றை நம்பி ஒரு மனிதன் எங்கே இருந்தான் என்று தீர்மானிப்பதா?

அன்று நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த நெடுந்தீவார் ஒருவர் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கு ஒத்துவராததற்கு இறந்தவர்கள் காரணமல்ல. படுகாயத்தோடு வைத்தியசாலைக்குப் போய் இறந்தவர்களைச் சிலர் சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள். மூலத்தைச் சொல்லவில்லை. எழுதியவர்கள் விட்ட அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கையை வைத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவருடைய கடமை அது.

நான் கேட்டது குறைவு. நூல் சொல்லும் எல்லாவற்றையும் ஏற்கச் சொல்லவில்லை, படையினர் தீவகத்தில் இறங்கிய காலத்தை மட்டும் கவனத்தில் எடுக்கும்படி கேட்டேன். எழுதியவர்களைக் கூப்பிட முடியாததன் காரணத்தையும் சொன்னேன். நீதிபதி நூலை வாங்கி, எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பார்த்தார். சம்பவத்தோடு ஒட்டிய காலம். வழக்கு வருமென்று நினைத்து எழுதப்பட்டதல்ல. அந்த ஒரு விடயத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்வதாகக் குறித்தார்.

அடுத்த தவணையில் தம்பியார் கூண்டில் ஏறினார். அண்ணன் யூலை நடுப்பகுதியில் போனார் என்று உறுதியாகச் சொன்னார். நான் வள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தகப்பனாரைப் பற்றிக் கேட்டேன். எந்த வருடம் மோசம் போனார், ஆர் கொள்ளி வைத்தது, ஆர் விரதம் பிடிக்கிறது.

“ஒரு அமாவாசையும் விடுறேல்லை,” என்றார். சொல்லும்போது நிமிர்ந்துகொண்டார். “அண்ணையும் நானும் ஒண்டாத்தான். அண்ணை வீட்டிலதான் படைக்கிறது. மூத்தவர் வீடுதானே.”

“அண்ணரோடு கடைசியாகப் பிடித்த விரதம் நினைவிருக்கிறதா?”

“ஓம். அண்டைக்கு வாழையிலை கிடைக்கேல்லை, தாமரையிலையில போட்டது. கோட்டைப் பக்கம் ஒரே வெடிச் சத்தம்.”

“அந்த விரதத்துக்கும் தீவுக்குள் ஆமி வந்ததுக்கும் எவ்வளவு நாள் இடைவெளி?”

“அந்தக் கிழமைதானே, ஐயா. விரதக் கிழமைதான் கயிட்ஸில இறங்கீட்டாங்கள் எண்டு சனமெல்லாம் வெளிக்கிட்டது.”

அவர் பொய் சொல்வதற்காக வந்தவர். தகப்பனாரின் விரதத்தில் அவருக்குப் பொய் வரவில்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

இனி அந்த விரதம் எந்த நாள் என்பது மட்டும்தான். அதற்கு மூன்றாவது புத்தகம். பஞ்சாங்கம். பழைய பஞ்சாங்கத்தை யாரும் வைத்திருப்பதில்லை, சித்திரை வருடப் பிறப்போடு அதன் ஆயுள் முடிந்தது. நயினாதீவில் ஒரு குருக்கள் ஐயா வருடா வருடம் பஞ்சாங்கங்களைத் தைத்து வைப்பார் என்று கேள்விப்பட்டு, குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போனேன். நாகபூஷணி அம்மன் கோவில் வீதியிலிருந்து உள்ளே போன ஒரு சிறு வீடு. இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம், பிரமோதூத வருடம். மூலையெல்லாம் எண்ணெய் ஊறியிருந்தது. ஓகஸ்ட் 20, திங்கட்கிழமை, அமாவாசை. அந்த நாளுக்கு நேரே பென்சிலால் மூன்று பெயர்களின் முதலெழுத்துகள். யாரோ அன்று தர்ப்பணத்துக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள். அதற்கு முந்திய அமாவாசை யூலை 22, அதற்குப் பிந்தியது செப்டெம்பர் நடுப்பகுதிக்கு அப்பால். ஓகஸ்டின் பிற்பகுதியில் அமாவாசை ஒன்றுதான் உண்டு.

ஆக, எதிராளியின் வாக்குமூலப்படியே அவருடைய அண்ணன் 1990 ஓகஸ்ட் 20ஆம் திகதி வேலணையில், சொந்த வீட்டில், தாமரையிலையில் சாப்பிட்டார். யூலையில் இராமேஸ்வரம் போன கதை அதோடு முடிந்தது. மனுதாரரின் கணக்குப்படி 23ஆம் திகதி வியாழக்கிழமை காலை அவர் கொண்டுபோகப்பட்டார்.

வழக்கு நடந்த மாதங்களில் அந்தப் பெண் என் அலுவலகத்தில் ஒருநாள் கேட்ட கேள்வியை எழுத வேண்டும். 6ஆம் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தேன். “ஆரய்யா இதை எழுதினது?” என்றார்.

தேசவழமை எங்கள் வழமைதான், ஆனால் அதைப் புத்தகமாக்கியவர் ஒல்லாந்தர். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் கொடுத்தார். தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டார்கள். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1911இல் திருமண உரிமையும் வழியுரிமையும் கட்டளைச் சட்டமாகின. பன்னிரண்டு முதலிமாரைச் சொன்னபோது அவர், “ஒரு பொம்பிளையையும் கேக்கேல்லையோ?” என்றார். கேட்கவில்லை. அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் இன்னாருக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாருக்கு என்றெல்லாம் சொத்துக் கணக்குப்போல எழுதியிருக்கிறது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை அது நடைமுறைச் சட்டம். அந்தச் சாதியாரையும் யாரும் கூப்பிட்டு உங்கள் வழமை என்ன என்று கேட்டிருக்கமாட்டார்கள். எச். டபிள்யூ. தம்பையா போன்ற அறிஞர்களின் சட்ட நூல்களை இத்தனை வருடம் புரட்டியிருக்கிறேன். எந்தப் பிரிவுக்கு எந்தத் தீர்ப்பு என்று தேடிப் புரட்டினேன். ஆனால் தேசவழமையும் ஓர் அரசியல் நூல்தான், யார் பேசலாம் யார் பேசக்கூடாது என்று தீர்மானித்து எழுதப்பட்ட நூல். சாதியையும் பெண்ணையும் பற்றி இன்று எழுதுகிறவர்கள் அதைச் சட்டத்தரணிகளின் அலுமாரியிலேயே விட்டுவிடக் கூடாது. முதலிமார் ஒப்பமிட்ட பக்கத்திலிருந்து தொடங்கி அதை வாசிக்க வேண்டும்.

கட்டளை வந்தது. கணவரின் இருப்பிடம் தெரியாதது நிரூபிக்கப்பட்டது, மகளின் நன்மைக்காகக் கணவரின் சம்மதமின்றியே மனுதாரர் காணியை நன்கொடை உறுதியாக மகளுக்கு எழுதலாம். எதிராளி மேன்முறையீடு செய்யவில்லை. கட்டளையில் அந்த மனிதர் இறந்தார் என்று எந்த இடத்திலும் இல்லை. மனுதாரர் என்னிடம் அதைத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தம்பியார் நீதிமன்ற வாசலில் நின்று அண்ணியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மகளின் கலியாணத்துக்கு அவர் வந்திருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

2016இல், காணாமற்போனவரின் குடும்பம் அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் பெற 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அந்தப் பெண் 2003இல் பிடிவாதமாக நின்ற இடத்துக்குச் சட்டம் வந்து சேர 13 வருடம் எடுத்திருக்கிறது.

இப்போது ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் தீவகத்தில் அதிகம். வெளிநாட்டிலிருந்தும் காசு வருகிறது, அச்சும் அழகாக இருக்கிறது. என்னிடம் அணிந்துரை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நடந்த நாளைப் போடுங்கள். நாள் தெரியாவிட்டால் எந்தத் திருவிழா, எந்த அமாவாசை, எந்தப் பெருக்கு என்று சொன்னவர் சொன்னபடியே போடுங்கள், பஞ்சாங்கம் பார்த்து மற்றவர் கண்டுபிடிப்பார். யார் சொன்னது, அவர் கண்டதா கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். தொகை தெரியாவிட்டால் தெரிந்த பெயர்களை மட்டும் எழுதுங்கள், இன்னொரு நூலின் எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு பரப்புக் காணிக்காரியையும் கேளுங்கள், பனை சீவியவரையும் கேளுங்கள், பிரபுக்களை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். சாட்சிகளுக்கு வயது போகிறது. நெடுந்தீவிலும் வேலணையிலும் மண்டைதீவிலும் இன்னும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், இந்த வருடமே போய்க் கேளுங்கள்.

6ஆம் பிரிவு இன்னும் சட்டப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.